முள் எந்தப் பக்கம் பொய் சொல்லும்?

சீலன்ட்டைக் கலந்துவிட்டால் அப்புறம் நின்று யோசிக்க நேரமில்லை. தார் மாதிரி இருக்கும் அந்தப் பாலிசல்ஃபைடு பசை கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும், இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கதவுக் கைப்பிடியிலும் இருக்கும். அது இறுகுவதற்குள் டேங்கின் பின்தகட்டை வைத்து ரிவெட் அடித்து முடிக்க வேண்டும். அடித்தபின் உள்ளே இருப்பது உள்ளேதான். ஆகவே சொந்தமாக விமானம் கட்டுகிறவர், இறக்கை டேங்கில் உள்ள பெட்ரோலை எதைக் கொண்டு அளப்பது என்ற முடிவை, அந்த விமானம் பறப்பதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே எடுத்தாக வேண்டியிருக்கிறது. என்ன இன்ஜின், பேனலில் என்ன ஸ்கிரீன் என்பதுகூட முடிவாகாத நேரம் அது.

நான் கட்டியது இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். இறக்கை கீழே, சக்கரம் வாலில். டேங்கை மூடும் முன் ஒரு மாதம் இந்தக் கேள்வியிலேயே கிடந்தேன். எந்த சென்சார் எத்தனை சதவீதம் துல்லியம் என்று அட்டவணை போட்டுக்கொண்டிருந்தபோது, எனக்கு முன்பே இரண்டு விமானம் கட்டி முடித்திருந்த ஒரு அண்ணன் வந்து எட்டிப்பார்த்தார். "தம்பி, சரியா இருக்கும்போது எல்லாமே சரியாத்தான் காட்டும். கெட்டுப்போனா எந்தப் பக்கம் பொய் சொல்லும்னு பார்த்தியா?" என்றார். அட்டவணையில் அந்தக் கட்டமே இல்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டத்தைப் பற்றியதுதான். டேங்க் காலியாக இருக்கும்போது 'இருக்கிறது' என்று சொல்வது ஒரு வகைப் பொய். இருக்கும்போது 'இல்லை' என்பது இன்னொரு வகை. இரண்டாவது பொய்யால் வழியில் தேவையில்லாமல் ஓரிடத்தில் இறங்கிப் பெட்ரோல் போட நேரும், அவ்வளவுதான். முதலாவது பொய்யால் வயலில் இறங்க நேரும்.

முதலில் இறக்கை டேங்க் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்பதைப் பார்த்துவிடலாம். பைக் டேங்கை ஆட்டிப் பார்த்தே 'இன்னும் வீடு போய்ச் சேரலாம்' என்று சொல்லிவிடுவோம். இறக்கை டேங்க் அப்படிப்பட்ட வடிவம் இல்லை. ஒரு மீட்டருக்கு மேல் நீளம், உயரமோ ஒரு சாண்தான். எண்பது லிட்டர் டேங்க் இருபது சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சராசரியாக நாலு லிட்டர். மணிக்கு முப்பது லிட்டர் குடிக்கும் இன்ஜினுக்கு அது எட்டு நிமிடப் பறத்தல். முள் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் எட்டு நிமிடம் போச்சு.

அதோடு இறக்கை நேராகவும் இருப்பதில்லை. நுனி கொஞ்சம் மேல்நோக்கித் தூக்கியிருக்கும். அதனால் பெட்ரோல் குறையக் குறைய எல்லாம் இறக்கையின் அடிப்பக்கம், விமான உடலை ஒட்டி வந்து சேரும். மூக்கைத் தூக்கினால் பின்னால் ஓடும். ரட்டரை, அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகையை, காலால் சரியாக மிதிக்காமல் பக்கவாட்டில் சறுக்கினால் ஒரு பக்கம் ஏறிக்கொள்ளும். வால்சக்கர விமானமாக இருந்தால் தரையில் நிற்கும் கோணம் வேறு, பறக்கும் கோணம் வேறு. எந்த சென்சாரை வைத்தாலும் அது டேங்கின் ஏதோ ஓர் இடத்தைத்தான் பார்க்கிறது. மிச்சத்தை நாம்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மிதவை

பழைய வழி, இன்றும் அதிகம் பேர் போவது. ஒரு கம்பியின் நுனியில் மிதவை, மறுமுனையில் மின்தடை. மிதவை ஏறி இறங்க, மின்தடை மாறும், முள் நகரும். காரில் இருப்பதும் இதேதான், அதனால் விலையும் குறைவு. பாகங்களாக வாங்கி நாமே கட்டும் பல கிட் விமானங்களில் வரும் ஸ்டூவர்ட் வார்னர் மிதவைகள் காலியில் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய விடிஓ வகையில் காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம்.

இந்த நாலு எண்களைப் பலரும் பேனலில் பொருந்துமா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துபோவார்கள். நான் கொஞ்சம் நிற்கச் சொல்வேன். 240–33 வகையில் வயர் அறுந்தால் மின்தடை எல்லையில்லாமல் போகும், முள் காலியைக் காட்டும். நல்ல பொய். விடிஓ வகையில் அதே வயர் அறுந்தால் முள் நிறைவின் பக்கம் போய் உட்காரும். வயர் எங்காவது உரசி எர்த்தைத் தொட்டால் நிலைமை தலைகீழ்: முதல் வகை 'நிறைந்திருக்கிறது' என்னும், இரண்டாவது 'காலி' என்னும். வீட்டில் கட்டிய விமானங்களில் எது அதிகம் நடக்கும்? என் கணிப்பில் இணைப்பு கழல்வதும் எர்த் துருப்பிடிப்பதும்தான். சென்சார் உடலைச் சுற்றி சீலன்ட்டைப் பூசி மூடுகிறோம். எர்த் என்பது அந்தச் சில ஸ்க்ரூக்கள் வழியாக மட்டுமே. அதில் தடை கூடினால் 240–33 வகை குறைத்துக் காட்டும், அதாவது பத்திரமான பக்கம். ஆகவே கையில் தேர்வு இருந்தால் நான் காலிக்கு அதிக ஓம் காட்டும் வகையையே எடுப்பேன். நவீன ஸ்கிரீன்கள் அனேகமாக, வரும் எண் எல்லைக்கு வெளியே போனால் சிவப்புக் குறி போட்டுவிடும். அந்த எல்லைகளை ஸ்கிரீனில் நாம்தான் நிரப்பித் தர வேண்டும், பலர் மறந்துவிடுகிறார்கள்.

இயந்திரப் பக்கத்திலும் பொய் உண்டு. மிதவைக்குள் பெட்ரோல் புகுந்தால் அது மூழ்கும், காலி காட்டும். இது பழைய கதை. தக்கை மிதவைகளுக்கு அரக்கு வார்னிஷ் பூசியிருந்த காலத்தில், எத்தனால் கலந்த பெட்ரோலைப் போட்டதும் அந்தப் பூச்சு கரைந்து தக்கை ஊறிப்போனது. ஆனால் கம்பி எங்காவது மாட்டிக்கொண்டால்? என் வலது டேங்கில் நடந்தது அதுதான். அளவு பிடிக்கும்போது, அதாவது எத்தனை லிட்டருக்கு முள் எங்கே நிற்கிறது என்று குறிக்கும்போது, ஐந்தைந்து லிட்டராக ஊற்றிக்கொண்டே வந்தேன், முள் ஒழுங்காக ஏறியது. ஏதோ ஒரு சந்தேகத்தில் அதே பெட்ரோலைத் திரும்ப வடித்துப் பார்த்தேன். இருபது லிட்டர் வெளியே வந்த பிறகும் முள் மேலேயே நின்றது. இறக்கையில் ஒரு தட்டு தட்டியதும் படக்கென்று விழுந்தது. மிதவைக் கம்பி, டேங்கின் மேல்பக்கமாக ஓடும், வெளிக்காற்றை உள்ளே விடும் வென்ட் குழாயில் உரசி மாட்டியிருக்கிறது. ஏறும்போது மாட்டவில்லை, இறங்கும்போதுதான் மாட்டியது. ஊற்றி மட்டும் பார்த்திருந்தால் தெரிந்தே இருக்காது. மூடியைக் கழற்றி, கம்பியை அரை விரல் அகலம் வளைத்து, மறுபடி சீலன்ட் பூசி மூட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. அன்று முதல் யார் கேட்டாலும் நான் சொல்வது: ஊற்றியும் பார், வடித்தும் பார்.

மிதவையின் இன்னொரு குறை, அது இறக்கையின் அடிப்பக்கம் உட்கார்ந்திருப்பது. டேங்க் முக்கால்வாசி நிறையும்போதே மிதவை மேல்தகட்டை முட்டிவிடும். அதற்குமேல் ஊற்றும் பெட்ரோல் அதற்குத் தெரியாது. பறக்க ஆரம்பித்து அரைமணி நேரம் முள் அசையாமல் நிற்கும், அப்புறம்தான் இறங்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்துபோவார்கள். எனக்கு இது குறையாகவே தோன்றவில்லை. நிறைந்த டேங்கில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள எனக்கு என்ன அவசரம்? கீழ்ப்பாதி சரியாகத் தெரிந்தால் போதும். மிதவைக்கு அது நன்றாகத் தெரியும், அடிப்பக்கம் இருப்பதே அதற்கு வசதி.

ஒரு எச்சரிக்கை. மிதவை வேலை செய்கிறதா என்று பார்க்க பேட்டரியின் 12 வோல்ட்டை நேராக அதில் கொடுத்துவிடாதீர்கள். 33 ஓமில் அது நாலு வாட்டுக்கு மேல், பெட்ரோல் ஆவி நிறைந்த பெட்டிக்குள். மல்ட்டிமீட்டர் போதும்.

மின்தேக்கித் தகடுகள்

அசையும் பாகம் எதுவும் இல்லை, அதுதான் இதன் கவர்ச்சி. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே காற்று இருந்தால் ஒரு மின்தேக்குத்திறன் (மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் திறன்), பெட்ரோல் இருந்தால் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காற்றின் மின்காப்பு மாறிலி 1, பெட்ரோலுக்கு சுமார் 2. டேங்கின் இரு கோடியிலும் ஒவ்வொரு தகட்டை வைத்து இணைத்துவிட்டால், அடிப்பக்கம், நுனிப்பக்கம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும். மிதவைக்குத் தெரியாத மேல் கால்பகுதியும் தெரியும். பெரிய பயணி விமானங்களில் இதே தத்துவம்தான். குளிர்ந்த பெட்ரோல் சுருங்கி அடர்த்தி கூடினால் மாறிலியும் சற்றுக் கூடும் என்பதால், லிட்டரைவிட எடையைப் பின்தொடர இது தோதாக இருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் இதுதான் ஜெயிக்க வேண்டும். நானும் முதலில் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன், தகடுகளை வெட்டிக்கூட வைத்தேன். பிறகு பின்வாங்கியதற்கு இரண்டு எண்கள் காரணம். எத்தனாலின் மாறிலி சுமார் 24. தண்ணீருக்கு சுமார் 80.

விமானப் பெட்ரோலை ஊற்றி அளவு பிடித்துவிட்டு, ஒருநாள் பம்பில் வாங்கிய எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றினால், அதே லிட்டருக்கு மின்தேக்குத்திறன் கூடுதலாக வரும். ஸ்கிரீன் கூடுதலாகக் காட்டும். டேங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்தாலும் முதலில் அதே திசைதான். இரண்டும் மோசமான பொய்கள். அதுவும் எப்படிப்பட்ட பொய்? முள் குதிக்காது, சிவப்பு விளக்கு எரியாது. எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல நிதானமாக, நம்பும்படியாகத் தவறு காட்டும். வயர் அறுந்தால் மட்டும் நல்ல பக்கம்: மின்தேக்குத்திறன் போய்விடும், காலி காட்டும்.

எப்போதும் ஒரே வகைப் பெட்ரோல்தான் போடுவேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தவருக்கு இது அருமையான தேர்வு. என்னால் சொல்ல முடியவில்லை. வெளியூர் ஓடுதளத்தில் என்ன கிடைக்கிறதோ அதைத்தான் போடப்போகிறேன்.

அப்புறம் பழுது பார்க்கும் விஷயம். மிதவையை நாலைந்து ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுக்கலாம். ரிப்களில், அதாவது இறக்கையின் குறுக்குச் சட்டங்களில், பொருத்திய தகட்டை எடுக்க டேங்கின் பின்தகட்டில் ஓட்டை போட்டுத்தான் கை விட வேண்டும். இந்த வழியில் போகிறவர்கள், தகடுக்குப் பதிலாக, அடிப்பக்க ரிப் வழியே உள்ளே செருகும் குழாய் வடிவ ப்ரோபைப் பார்க்கலாம், அதையாவது உருவி எடுக்க முடியும். தகடுதான் என்றால், மூடும் முன் தகட்டுக்கும் டேங்க் உடலுக்கும் நடுவே தொடர்பு இல்லை என்பதை மல்ட்டிமீட்டரில் பார்த்துவிட்டு, மூடிய பின் மறுபடியும் பாருங்கள். ரிவெட் அடிக்கும்போது உதிர்ந்த ஓர் அலுமினியத் துணுக்கு போதும், எல்லாம் வீணாக.

கண்ணாலேயே பார்ப்பது

இறக்கை மேலே இருக்கும் விமானமா? அப்படியானால் மேலே எழுதியதில் பாதியை மறந்துவிடலாம். டேங்கின் மேல்முனையில் ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு இணைப்பு எடுத்து, நடுவே ஒரு ஒளிபுகும் குழாயை பைலட்டின் தலைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் வேலை முடிந்தது. வயர் இல்லை, பேட்டரி வேண்டாம். பல எளிய கிட் விமானங்கள் காலங்காலமாக இப்படித்தான் பறக்கின்றன. குழாயின் மேல்முனையும் டேங்குக்குள்ளேயே போக வேண்டும். கேபின் காற்றில் திறந்து விட்டால் அழுத்த வித்தியாசம் அளவைக் குழப்பிவிடும்.

இதற்கும் ஒரு பொய் உண்டு, அழகான பொய். முழுக்க நிறைந்த குழாயும் முழுக்கக் காலியான குழாயும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். நீலச் சாயம் போட்ட விமானப் பெட்ரோல் என்றால் ஓரளவு தெரியும். நிறம் மங்கிய பெட்ரோல், வெயிலில் மஞ்சளான பிளாஸ்டிக், மாலை வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் தெரியாது. வைத்தியம் சுலபம்: உள்ளே மிதக்கும் ஒரு சின்னப் பந்து, அல்லது குழாய்க்குப் பின்னால் சாய்கோடுகள் வரைந்த அட்டை. திரவம் உள்ள பகுதி லென்ஸ் மாதிரி வேலை செய்து கோடுகளை எதிர்ப்பக்கம் சாய்த்துக் காட்டும், காலியான பகுதியில் கோடு போட்டபடியே இருக்கும். பாய்லர்களில் எப்போதிருந்தோ செய்வதுதான். இன்னொன்று, கேபினுக்குள் பெட்ரோல் குழாய் என்பதால் உறையும் இணைப்பும் ஒழுங்காக இருக்க வேண்டும், குழாயை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

அளவுக்குறி போடாத பார்வைக் குழாய் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, வீட்டில் கட்டும் விமானங்களின் வரலாற்றிலேயே எல்லோருக்கும் தெரிந்த ஒரு விபத்து இருக்கிறது. 1997 அக்டோபர் 12 அன்று அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், தான் புதிதாக வாங்கிய லாங்-ஈஸி விமானத்தில் கலிஃபோர்னியாவின் மான்டெரி விரிகுடாவில் விழுந்து இறந்தார். அந்த விமானத்தில் அளவு காட்டும் இடங்கள் பின் இருக்கையின் பக்கச் சுவரில் இருந்தன. முன்னால் இருப்பவர் நேரே பார்க்க முடியாது. அவற்றில் குறிகளும் கிடையாது. டேங்க் மாற்றும் வால்வை, வரைபடத்தில் சொன்னபடி இல்லாமல், கட்டியவர் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். கிளம்பும் முன் பெட்ரோல் போடவில்லை. பறக்கும்போது அந்த வால்வைத் திருப்ப முயன்றதில் கவனம் சிதறி, தெரியாமல் வலது ரட்டரை மிதித்துக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. குறி போடாத அளவுகாட்டியையும், வால்வு இருந்த இடத்தையும், வாரியம் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. குறி போட ஒரு மார்க்கர் பேனா போதும், ஒரு மதியம் போதும்.

அழுத்தம்

டேங்கின் அடியில் ஒரு சின்ன அழுத்த சென்சார் வைத்து, மேலே நிற்கும் பெட்ரோலின் எடையை அளப்பது இன்னொரு யோசனை. புத்திசாலித்தனமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் ஆசை அடங்கிவிடும். இருபது சென்டிமீட்டர் பெட்ரோல் தரும் அழுத்தம் சுமார் 1.4 கிலோபாஸ்கல். காற்றை நோக்கித் திறந்த வென்ட் குழாய் வழியே, 120 நாட் (மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர்) வேகத்தில் டேங்குக்குள் வரும் காற்றழுத்தம் சுமார் 2.3 கிலோபாஸ்கல். அதாவது பறக்க ஆரம்பித்ததும், காலி டேங்கே நிறைந்த டேங்கைவிட அதிகம் காட்டும்! இதைச் சரிக்கட்ட, சென்சாரின் மறுபக்கத்தை டேங்கின் மேல்வெளியோடு ஒரு குழாயால் இணைக்க வேண்டும். அந்தக் குழாயில் பெட்ரோல் புகுந்து நின்றால் மறுபடி தகராறு. இதைச் சரியாகச் செய்து பறப்பவர்கள் இருக்கிறார்கள். நான் யாருக்கும் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

டேங்கைப் பார்க்காமல் அளப்பது

ஃப்ளோ மீட்டர் டேங்குக்கு வெளியே, இன்ஜினுக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஒரு குட்டிச் சக்கரம், பெட்ரோல் ஓட ஓடச் சுழலும், ஒவ்வொரு சுற்றுக்கும் துடிப்பு அனுப்பும். பலரும் ரெட் க்யூப் என்று சொல்லும் எஃப்டி-60 ஓர் அமெரிக்கக் கேலனுக்குச் சுமார் 68,000 துடிப்பு தரும், லிட்டருக்குச் சுமார் 18,000. துல்லியத்தில் மேலே சொன்ன எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. மூக்கு தூக்கினாலும் சறுக்கினாலும் கவலையில்லை.

பொருத்திய இடத்தைப் பொறுத்து முதலில் சற்று விலகும். திருத்துவது சுலபம். மூன்று முறை நிரப்பியதில் ஸ்கிரீன் 150 லிட்டர் என்றது, பம்ப் ரசீதுகள் 156 என்கின்றன. 68,000 ஐ 150 ஆல் பெருக்கி 156 ஆல் வகுத்தால் சுமார் 65,400. அதைப் பதிந்துவிட்டால் அடுத்தமுறை அரை லிட்டர், ஒரு லிட்டர் வித்தியாசத்துக்குள் வந்துவிடும்.

இவ்வளவு நல்ல கருவி என்பதாலேயே இதன் பொய் ஆபத்தானது. இது டேங்கைப் பார்த்ததே இல்லை. கிளம்பும்போது நாம் பதிந்த எண்ணிலிருந்து ஓடியதைக் கழிக்கிறது, அவ்வளவே. எண்பது என்று பதிந்துவிட்டு அறுபதுதான் ஊற்றியிருந்தால், தசம புள்ளி வரை துல்லியமாகத் தப்பைக் காட்டும். மூடி சரியாக உட்காராமல் காற்று பெட்ரோலை உறிஞ்சி வெளியே இழுத்தாலும், வடிகால் வால்வு ஒழுகினாலும், இரவில் யாராவது எடுத்துவிட்டாலும் இதற்குத் தெரியாது. எல்லாம் 'இருக்கிறது' பக்கத்துப் பொய்கள். எந்த டேங்கிலிருந்து ஓடியது என்பதும் தெரியாது, வால்வைத் திருப்பியதும் ஸ்கிரீனுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

எரியாமல் மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்கே அனுப்பும் திரும்பு குழாய் உள்ள இன்ஜின் என்றால் இன்னும் ஒரு சிக்கல். பேச்சுக்கு, மணிக்கு நூறு லிட்டர் போய் எண்பத்தைந்து திரும்பி வருகிறது. எரிந்தது பதினைந்து. போகவும் வரவும் ஒவ்வொரு சென்சார், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சதவீதப் பிழை. இரண்டும் எதிரெதிர் பக்கம் போனால் பதினைந்தில் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் தப்பு, அதாவது பன்னிரண்டு சதவீதம். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணை எடுக்கும் எல்லாக் கணக்குக்கும் உள்ள நோய் இது. திரும்பி வருவது எந்த டேங்குக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வலது டேங்கிலிருந்து எடுத்து இடதுக்குத் திருப்பினால், நிறைந்திருக்கும் இடது டேங்க் வென்ட் வழியே ஆகாயத்துக்குப் பெட்ரோல் போடும்.

குச்சி

மிஷின் எதுவும் இல்லாத ஒரே வழி. தரையில் மட்டும், கிளம்பும் முன் மட்டும். வார்னிஷ் பூசாத மரக்குச்சி நல்லது, ஈரம் நின்று தெரியும். பொய் சொல்லாது, ஆனால் எல்லாவற்றையும் சொல்லாது. கீழ் இறக்கை விமானங்களில் மூடி நுனிப்பக்கம் இருந்தால், டேங்கில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே பெட்ரோல் எல்லாம் அடிப்பக்கம் போய்விடும், குச்சி உலர்ந்து வெளியே வரும். அதற்குக் கீழே 'தெரியாது' என்றுதான் படிக்க வேண்டும். வால்சக்கரம் தரையில் இருக்கும் நிலையிலேயே குறி போட வேண்டும், ஏனென்றால் அப்படித்தான் நிற்கப்போகிறது.

குச்சி உண்மை சொல்லியும் மனிதன் தப்பாகப் படித்த கதை ஒன்றுண்டு. 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் போயிங் 767. அளவுகாட்டிகள் வேலை செய்யவில்லை, குச்சி வைத்து அளந்தார்கள். அளந்தது சரி. லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டிய இடத்தில் பவுண்டுக்கான 1.77 ஐப் பெருக்கிவிட்டார்கள். 22,300 கிலோ தேவை, ஏறியது அதில் பாதிக்கும் குறைவு. நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்று, கிளைடர்போல இறங்கி, கிம்லியில் ஒரு பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். யாரும் உயிரிழக்கவில்லை. குச்சியிலேயே லிட்டரும் நிமிடமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தரையில் நின்று பெருக்கல் போடுகிற வேலை வேண்டாம்.

சரி, எதை எடுப்பது?

என் முடிவு, ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள் என்பது. வேறு வேறு திசையில் பொய் சொல்லும் இரண்டை எடுங்கள். ஃப்ளோ மீட்டர் பதிந்ததை நம்பும், டேங்கைப் பார்க்காது. மிதவை டேங்கைப் பார்க்கும், துல்லியம் இல்லை. இரண்டும் ஒத்துப்போகும்வரை ஃப்ளோ மீட்டரை நம்பலாம். பத்து லிட்டருக்கு மேல் விலகினால் எது குறைவாகச் சொல்கிறதோ அதுதான் அன்றைய உண்மை, தரையிறங்கிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மிதவைகளை ஒரே டேங்கில் வைப்பதில் இந்தப் பலன் இல்லை, இரண்டும் ஒரே மாதிரி ஏமாறும்.

கீழ் இறக்கை, உலோக டேங்க் என்றால் மிதவையும் ஃப்ளோ மீட்டரும். மேல் இறக்கை என்றால் பார்வைக் குழாய் கட்டாயம், மற்றவை விருப்பம். ஃபைபர்கிளாஸ் டேங்க் என்றால் ஓரிடத்தில் பெயின்ட் அடிக்காமல் ஒரு பட்டை விட்டு வையுங்கள், வெளிச்சத்தில் மட்டம் தெரியும். வருடம் முழுக்க ஒரே பெட்ரோல் கிடைக்கும் ஆளுக்கு மின்தேக்கித் தகடு. எந்த வகையானாலும், முடிந்தால், டேங்கின் அடியில் ஓர் ஒளி சென்சார் தனியாக. பட்டாணி அளவுப் பட்டகம்தான், பெட்ரோல் இருந்தால் ஒளி வெளியேறிவிடும், இல்லாவிட்டால் திரும்பி வரும், விளக்கு எரியும். அளவு சொல்லாது, ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். என்னுடையது ஒவ்வொரு பக்கமும் பன்னிரண்டு லிட்டரில் எரிகிறது.

'அளவுகாட்டி காலியில் மட்டும் சரியாக இருந்தால் போதும், சட்டமே அப்படித்தான்' என்று ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். அமெரிக்க விதிகளில் சான்றிதழ் பெறும் சிறு விமானங்களுக்கு இருந்தது வேறு: நேராகப் பறக்கும்போது, இன்ஜினால் எடுக்க முடியாத கடைசிப் பெட்ரோல் மட்டும் மிஞ்சியிருக்கையில் அளவுகாட்டி பூஜ்ஜியம் காட்ட வேண்டும் என்பது. பூஜ்ஜியம் எங்கே என்று சொன்னதை, மற்ற இடத்தில் எப்படியும் இருக்கலாம் என்று திருப்பிவிட்டார்கள். உங்கள் பூஜ்ஜியமும் அதே இடத்தில் இருக்கட்டும்.

அளவு பிடிப்பது இப்படி. வாலைத் தூக்கி, பறக்கும் கோணத்துக்கு விமானத்தை நிறுத்துங்கள். எர்த் வயரை மாட்டுங்கள், பிளாஸ்டிக் கேனை உரசி எடுத்துவராதீர்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எடுக்க முடியாத பெட்ரோலை முதலில் ஊற்றி அதைப் பூஜ்ஜியமாகப் பதியுங்கள். பிறகு ஐந்து லிட்டர், காத்திருங்கள், இறக்கையை ஆட்டுங்கள், பதியுங்கள். ஐந்து லிட்டர், காத்திருங்கள். இரண்டு டேங்குக்கும் தனித்தனியாக, ஏனென்றால் ஒரே அச்சில் செய்த இரண்டு டேங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. வாலை இறக்கிவைத்துக் குச்சிக்கும் குறி போட்டுவிடுங்கள். எனக்கு ஒரு நாள் முழுக்க ஆனது. பிறகு வடித்துப் பார்த்ததற்கு இன்னொரு நாள்.

டேங்கை ஏற்கெனவே மூடிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். ஃப்ளோ மீட்டரை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், அது டேங்குக்குள் போவதில்லை. மிதவையை அடிப்பக்க மூடி வழியே மாற்றலாம். மூடியைத் திறந்தால் மறுபடி சீலன்ட், மறுபடி ஒழுகல் சோதனை: வென்ட் வாயில் ஒரு பலூனை மாட்டி லேசாகக் காற்றடித்து, இணைப்பெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது. மறுநாள் காலையில் பலூன் சற்றுத் தொங்கியிருந்தால் உடனே பதறாதீர்கள். இரவில் குளிர்ந்த காற்று சுருங்கியிருக்கலாம். வெயில் ஏறும்வரை பொறுத்து, பலூன் மறுபடி நிமிர்கிறதா என்று பாருங்கள்.